யாழ்ப்பாணத்துத் துண்டுக் காணிக்கு எந்த ட்ரக்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி, புத்தூர்ப் பக்கத்துச் செம்மண் தோட்டக்காரரும் தென்மராட்சி வயற்காரரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். கணக்கெல்லாம் பரப்பில்தான்: 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச், சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 52 அடி.

"தம்பி, என்னட்டை 12 பரப்புத் தோட்டக்காணிதான் இருக்கு. சொந்தமா ஒரு ட்ரக்டர் எடுத்தால் என்ன?"

எடுக்க வேண்டாம். விலையை விடுங்கள், மணித்தியாலத்தைப் பாருங்கள். வருசத்துக்கு இரண்டு போகம், போகத்துக்கு மூன்று தரம் உழவு என்றால் 12 × 2 × 3 = 72 பரப்பு உழவு. 45 குதிரைவலு ட்ரக்டரில் 5 அடி ரொட்டவேற்றர் (சுழலும் கத்தியால் மண்ணை அடிக்கும் கருவி) பூட்டி மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓட்டினாலும், எங்கடை துண்டுக் காணிகளில் திரும்புவதிலும் பின்னுக்கு எடுப்பதிலும் பாதிக்கு மேல் நேரம் போய்விடும். அதைக் கழித்துப் பார்த்தால் மணிக்கு 8 பரப்பு. ஆக, உங்கள் காணிக்கு வருசத்தில் 9 மணித்தியால வேலை. மற்ற நாளெல்லாம் அது கொட்டிலில் நின்று பற்றரி இறங்கும்.

கூலிக்குப் பிடியுங்கள். சொந்தமாக ஏதாவது இருக்கத்தான் வேண்டும் என்றால் லாண்ட்மாஸ்டர் (பின்னால் நடந்து பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு ட்ரக்டர்) எடுங்கள். இரண்டடி அகல ரொட்டறியோடு மணிக்கு ஏறத்தாழ 4 பரப்பு அடிக்கும். உழவு இல்லாத நாளில் பெட்டி (ட்ரெய்லர்) பூட்டி எரு ஏற்றலாம், வெங்காயம் சந்தைக்குக் கொண்டுபோகலாம்.

"அப்ப எத்தனை பரப்பிலையிருந்து சொந்த ட்ரக்டர் கட்டுப்படியாகும்?"

பரப்பால் மட்டும் கட்டுப்படியாவதில்லை. 5 ஏக்கர், அதாவது 80 பரப்பு வைத்திருப்பவருக்கும் மேலே சொன்ன கணக்கில் வருசத்துக்கு 60 மணித்தியாலம்தான் வரும். நாலு சில்லு ட்ரக்டர் ஒன்று லீசிங் கட்டி, ரயர் மாற்றி, ட்ரைவருக்கும் கொடுத்து மிச்சம் வைக்க வேண்டுமானால் வருசத்துக்கு 300, 400 மணித்தியாலமாவது ஓட வேண்டும். 60 போக மீதியை ஊரில் கூலிக்கு ஓடித்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஆளும் மனமும் இருந்தால் எடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காலபோகத்துக்கு (மாரி மழையோடு தொடங்கும் போகத்துக்கு) எல்லாரும் ஒரே இரண்டு மூன்று கிழமைக்குள் உழவு கேட்பார்கள். கூலி ட்ரக்டர் வரப் பிந்தி, மழை இறங்கிவிட்டால் புழுதி விதைப்பு (மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைப்பது) தவறிப்போகும். சொந்த ட்ரக்டரின் உண்மையான இலாபம் அந்த நாட்களில்தான். அண்ணன் தம்பி மூன்று நாலு பேர் சேர்ந்து எடுப்பது நல்ல வழி. ஆனால் ஓட்டுவது ஒருவர், மணித்தியாலக் கொப்பி எழுதுவதும் அவரே என்று முதல் நாளே பேசி வையுங்கள். கூட்டு முறிவது பெரும்பாலும் காசால் அல்ல, கிளச் கருகினது யாருடைய காலால் என்ற கேள்வியால்.

"லாண்ட்மாஸ்டர் பிடிச்சு நடக்க எனக்கு ஏலாது. 60 வயசாச்சு. வேற வழி இருக்கோ?"

கேட்க வேண்டிய கேள்வி. இரண்டடி ரொட்டறியால் ஒரு ஏக்கரை ஒரு தரம் அடித்து முடிக்க ஏறத்தாழ 6.6 கி.மீ. நடக்க வேண்டும், அதுவும் உழுத மண்ணில், கைப்பிடி அதிர. 12 பரப்பை மூன்று தரம் என்றால் 15 கி.மீ. வருகிறது. இருக்கை பூட்டிய லாண்ட்மாஸ்டரில் நடை குறையும், ஆனால் துண்டு முடியும் இடத்தில் இறங்கி ஏறித்தான் திருப்ப வேண்டி வரும்.

இதற்கு நடுவே 20 முதல் 27 குதிரைவலு வரையான சின்ன நாலு சில்லு ட்ரக்டர்கள் இருக்கின்றன. மூன்றரை, நாலடி ரொட்டவேற்றர் இழுக்கும். 30 பரப்புக்கு மேலே செய்கிறவர், வாழைக்கும் மரக்கறிக்கும் இடையில் ஓட்ட வேண்டியவர், நடக்க ஏலாதவர் ஆகியோருக்கு இதுதான் சரி. ஊரார் "விளையாட்டு ட்ரக்டர்" என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

"குதிரைவலு கூடக்கூட நல்லதுதானே? 50 எடுத்தால் எல்லா வேலையும் செய்யும் எண்டு சொல்லினம்."

காணியின் நீளத்தை அளந்துபோட்டுச் சொல்லுங்கள். இரண்டு பரப்புத் துண்டு ஒன்று சதுரமாக இருந்தால் பக்கம் 74 அடி. 45, 50 குதிரைவலு ட்ரக்டரும் பின்னால் ரொட்டவேற்றரும் திரும்ப ஒவ்வொரு அந்தத்திலும் 15 அடி வேண்டும். இரண்டு பக்கமும் 30 அடி, அதாவது 74 அடியில் 40 வீதம் திரும்பும் இடமாகவே போகிறது. அந்த இடத்தைப் பிறகு குறுக்கே அடித்தாலும், திரும்பிய சில்லு மிதித்து இறுக்கிய மண் இறுக்கம்தான். வெங்காயப் பாத்தியில் கரையோரம் மட்டும் பயிர் மஞ்சளாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நோய் என்று மருந்தடிக்க முன்னர் அந்த இடத்தில் அலவாங்கை இறக்கிப் பாருங்கள்.

சின்ன ட்ரக்டருக்குத் திரும்ப 9 அடி போதும். அதே துண்டில் இழப்பு 24 வீதமாகக் குறையும். நாலு பரப்பு ஒரே துண்டாக, 104 அடி நீளமாக இருந்தால் பெரிய ட்ரக்டரின் இழப்பும் 29 வீதத்துக்கு வந்துவிடும். வரம்பு வெட்டி இரண்டு துண்டை ஒன்றாக்க முடிந்தால், குதிரைவலு கூட்டுவதைவிட அது மலிவு.

ரொட்டவேற்றருக்கு வலு பார்க்கும் அளவு இது: நாலடிக்கு 24 முதல் 27, ஐந்தடிக்கு 35 முதல் 40, ஆறடிக்கு 45 முதல் 50. காய்ந்த செம்மண்ணில் இதற்குக் குறைந்தால் என்ஜின் கறுப்புப் புகை தள்ளும். ட்ரைவர் ஆழத்தைக் குறைத்து மேலே சுரண்டிவிட்டுப் போவார். மேலிருந்து பார்க்க உழவு வடிவாக இருக்கும், கீழே நாலு அங்குலத்தில் மண் அப்படியே கிடக்கும்.

"எங்கடை ஒழுங்கைக்குள்ளாலை வருமோ?"

கடைக்குப் போக முதல் நாடா எடுத்து மூன்று இடத்தை அளவுங்கள்: ஒழுங்கையின் ஆக ஒடுங்கின இடம், படலை, ஒழுங்கை முடக்கு. 45 குதிரைவலு ட்ரக்டர் ஐந்தரை முதல் ஆறடி அகலம், ரொட்டவேற்றர் பூட்டினால் கூடும். கதியால் வேலி மழைக்குத் தழைத்து இரண்டு பக்கமும் ஒவ்வோரடி உள்ளுக்கு வரும் என்பதையும் சேர்த்து எட்டடியாவது பாருங்கள். நேர் ஒழுங்கையில் ஏழடி போதும், முடக்கில் போதாது. பெட்டி பூட்டினால் பத்தடிக்குக் குறைந்த முடக்கில் பக்கத்துக் காணிக்காரரின் வேலிதான் திரும்பும் இடமாகும்.

"எங்கடை காணியிலை ஒண்டரை அடியிலை கல்லுத் தட்டுது. எதைப் பூட்டுறது?"

வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். சில காணியில் பல அடி ஆழத்தில், சிலதில் கையளவு ஆழத்தில். அலவாங்கால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்திப் பார்த்து, தட்டும் ஆழத்தைக் குறித்து வையுங்கள். அடியை விட ஆழமென்றால் எந்தக் கலப்பையும் பூட்டலாம்.

ஒன்பது அங்குலத்துக்குள் கல் வந்தால் தட்டுக் கலப்பை நல்லது, தட்டு உருண்டு கல்லுக்கு மேலால் ஏறிப் போகும். கொழுக் கலப்பை எடுப்பதானால் சுருள்வில் பூட்டியது எடுங்கள், கல்லில் பட்டதும் கொழு பின்வாங்கித் திரும்ப வரும். விறைப்பாகப் பூட்டிய கொழு, ஒன்றில் வளையும் அல்லது சட்டத்தின் ஒட்டு வெடிக்கும். ரொட்டவேற்றர் கல்லுக்கு ஆகாது. கத்தி உடைவது சின்னச் செலவு. அந்த உதறல் கியர்ப் பெட்டிக்கும் குறுக்குமுனை மூட்டுக்கும் போவதுதான் பெரிய செலவு. பாதுகாப்புப் போல்ற் அறுந்தால் அதே தரத்து மென் போல்றைத்தான் போட வேண்டும். அடிக்கடி அறுகிறது என்று வைரமான போல்ற் போட்டால் அடுத்ததாக அறுவது தண்டு.

"ரொட்டவேற்றர் ஒண்டு போதாதோ? அதுதானே மாப்போல அடிச்சுத் தருது."

மாப்போல அடிப்பதுதான் சிக்கல். வருசக்கணக்கில் ஒரே ஆழத்தில் ரொட்டவேற்றர் மட்டும் ஓட்டினால் ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே தகடு போல ஒரு இறுகல் படியும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது, கரட் வேர் அதில் முட்டி இரண்டாகப் பிரியும். மேலே மாவாக்கிய மண் முதல் மழையில் அடைபட்டுக் காய்ந்து ஓடாகும், முளை வெளியே வரச் சிரமப்படும்.

வருசத்தில் ஒரு தரம், காலபோக மழைக்கு முன்னர் அல்லது முதல் மழையின் ஈரத்தில், கொழுக் கலப்பையால் எட்டு ஒன்பது அங்குலம் கிளறுங்கள். எரு போட்டுக் கலப்பதற்கும் பாத்திக்கு முன் கடைசி உழவுக்கும் ரொட்டவேற்றர். ஈரம் பார்க்கும் முறை: ஆறு அங்குல ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். உதிர்ந்தால் உழலாம். அப்படியே கட்டியாகக் கிடந்தால் இரண்டு நாள் பொறுங்கள். உருட்டவே வராவிட்டால் மண் காய்ந்துபோய்விட்டது, டீசல்தான் வீணாகும்.

"முன் சில்லும் இழுக்கிற ட்ரக்டர் தேவையோ?"

செம்மண் தோட்டம் மட்டும் என்றால் தேவையில்லை. பின் சில்லு இழுவையே போதும், விலையும் பராமரிப்பும் குறைவு. கைதடி, சாவகச்சேரிப் பக்க வயலில் சேற்றுழவு செய்பவருக்குத் தேவை. சேற்றில் கனமான ட்ரக்டர் புதையும். அங்கே இலேசான, நாலு சில்லும் இழுக்கிற வண்டிதான் வேலை செய்யும். 20 முதல் 27 குதிரைவலுச் சின்ன ட்ரக்டர்கள் பெரும்பாலும் நாலு சில்லும் இழுக்கிறவைதான்.

தார் வீதியில் முன் இழுவையைக் கழற்றி விடுங்கள். போட்டபடி ஓடினால் முன் ரயர் ஒரு போகத்திலேயே வழுக்கையாகும், முன் அச்சின் பல்லுகளுக்கும் பாரம் ஏறும். முன் ரயர் மாற்றும்போது வேறு அளவு போட்டாலும் இதே கதைதான், முன்னுக்கும் பின்னுக்கும் சுற்று விகிதம் பிழைத்துவிடும்.

"மெசியோ, மகிந்திராவோ, குபோட்டாவோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

ஒன்றைச் சொல்ல மாட்டோம், ஆனால் வேறுபாட்டைச் சொல்லலாம். மெசி 135, 240 இரண்டிலும் பேர்கின்ஸின் அதே மூன்று சிலிண்டர் என்ஜின் குடும்பம். அதனால்தான் எந்த ஊர் கராஜிலும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள் இருக்கிறார், பழைய உதிரிப்பாகமும் கிடைக்கிறது. மகிந்திரா இழுவைக்கும் பெட்டி ஓட்டத்துக்கும் பேர் போனது. குபோட்டா எல் வரிசை அதே வலுவில் மெசியைவிட இலேசு, சேற்றுக்கு உகந்தது. ஆனால் பிழைத்தால் எல்லா மெக்கானிக்கும் கை வைக்க மாட்டார்.

முடிவெடுக்க ஒரு வழி: எண்ணெய் வடி, டீசல் வடி, கிளச் தட்டு, தண்ணீர்ப் பம்ப், பின் அச்சு சீல் என்று ஐந்து சாமானை எழுதிக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குப் போங்கள். எந்த வண்டிக்கு ஐந்தும் அன்றைக்கே இராக்கையில் இருக்கிறதோ, அதற்கு ஒரு படி கூடப் போடுங்கள். உழவு நாளில் கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை காத்திருப்பதுதான் ஆகப் பெரிய செலவு.

"பழசு ஒண்டு பாத்திருக்கிறன். புதுப் பெயின்ற், என்ஜினும் நல்லாத்தான் சத்தம் போடுது. என்னத்தைப் பாக்கோணும்?"

போகும் நேரத்தை விற்கிறவருக்குச் சொல்லாமல் காலையில் போங்கள். ஸ்ராட் பண்ண முன்னர் என்ஜினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முதலே ஓட்டி வைத்திருக்கிறார், ஆற விட்டுத் திரும்ப வாருங்கள். குளிர் என்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் அதன் உயிர் தெரியும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் அமுக்கம் குறைவு அல்லது இன்ஜெக்ரர் பிழை. நீலப் புகை ஒயில் எரிவது. ஓடிக்கொண்டிருக்கையில் ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் றிங் தேய்ந்துவிட்டது.

கியர்ப் பெட்டி ஒயில் பால் நிறமென்றால் சேற்று வேலையில் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. கியரில் ஓட்டிக்கொண்டு போய் வேகத்தைச் சட்டென விடுங்கள், கியர் தானாகத் துள்ளி வெளியே வருகிறதா பாருங்கள். இடது வலது பிறேக்கைத் தனித்தனியே மிதியுங்கள். ஒரு பக்கம் வழுக்கினால் பின் அச்சு ஒயில் பிறேக்கில் கசிகிறது. முன்பக்கத்தை ஜக் போட்டு உயர்த்திச் சில்லை மேலும் கீழும் ஆட்டினால் அச்சு ஊசியின் தேய்மானம் கைக்குத் தெரியும்.

கடைசியாக ரொட்டவேற்றரைப் பூட்டி மேலே தூக்கி, என்ஜினை நிற்பாட்டிவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். நீங்கள் குடித்து முடிய முன்னர் அது நிலத்துக்கு வந்திருந்தால் ஹைட்ரோலிக் வேலை இருக்கிறது. விலையில் அதைக் கழியுங்கள். மணித்தியால மீற்றரை நம்ப வேண்டாம், மிதியின் தேய்வையும் ஸ்ரியரிங்கின் ஆட்டத்தையும் நம்புங்கள். புதுப் பெயின்றுக்கு விலை இல்லை.

"பத்திரத்திலை என்ன பாக்கிறது?"

பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின் இலக்கமும் சாசி இலக்கமும் வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்க வேண்டும். புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் உரிமையாளராக இருந்தால், கொம்பனி விடுவித்த கடிதம் கையில் வரும்வரை முழுக்காசு கொடுக்க வேண்டாம். ஓட்டுவதற்கு லாண்ட்மாஸ்டருக்கு ஜி1 வகுப்பு, நாலு சில்லு ட்ரக்டருக்கு ஜி வகுப்பு அனுமதி வேண்டும். வயலுக்குள் யாரும் கேட்கமாட்டார்கள், பெட்டியோடு வீதிக்கு ஏறினால் கேட்பார்கள். விபத்தென்றால் காப்புறுதியும் முதலில் கேட்பது அதைத்தான்.

"யப்பானிலையிருந்து வந்த பழைய சின்ன ட்ரக்டர் மலிவாக் கிடக்கு. எடுக்கலாமோ?"

வேலைக்கு நல்லவை, ஆனால் மூன்று விசயம் பாருங்கள். ஒன்று, வீதிப் பதிவு இருக்கிறதா. இரண்டு, பீ.ரீ.ஓ. (என்ஜின் வலுவைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கொடுக்கும் சுற்றுத் தண்டு) வேகம். எங்கடை பீ.ரீ.ஓ. கருவிகள் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தவை. சில யப்பான் வண்டிகளில் மூன்று நாலு வேகம் இருக்கும். தெரியாமல் மேல் வேகத்தில் போட்டால் மருந்துப் பம்பும் ரொட்டவேற்றரும் சிதறும். மூன்று, அதோடு வந்த ரொட்டறி அந்த வண்டிக்கென்றே செய்ததாக இருந்தால் கத்தி எங்கே கிடைக்கும் என்று முதலே கேளுங்கள். பெயர்ப் பலகையெல்லாம் யப்பான் எழுத்தில்தான் இருக்கும், எந்த நெம்பு எதற்கென்று விற்கிறவரைக் கொண்டே பெயின்றால் எழுதுவியுங்கள்.

"ரேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி விட்டால் என்ன?"

கேத்தில் அடியில் படியும் வெள்ளைக் கல்லைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் ஊறிய எங்கடை கிணற்றுத் தண்ணீர் என்ஜினுக்குள்ளும் அதையே செய்யும். இரண்டு மூன்று வருசத்தில் குழாய் ஒடுங்கி, ரொட்டவேற்றர் பூட்டிய வெயில் நாளில் சூடேறும். வடித்த மழைத்தண்ணீர் அல்லது சுத்திகரித்த தண்ணீரோடு கூலன்ற் கலந்து விடுங்கள். தண்ணீர் கொதித்து ஆவியாகும் வகை லாண்ட்மாஸ்டரில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் புதுத்தண்ணீர், ஒவ்வொரு நாளும் புதுக் கல்.

செம்மண் புழுதியும் இதே அளவு பகை. புழுதி விதைப்பு நாட்களில் ஒயில் நிரப்பும் வகைக் காற்று வடியை நாளாந்தம் திறந்து பாருங்கள். அடியில் அரை அங்குலம் சேறு நின்றால் ஒயிலை மாற்றுங்கள்.

"விடுவிச்ச காணி எங்கடை. இருவது முப்பது வருசமாப் பத்தை. ட்ரக்டரை விடலாமோ?"

கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணிதான் என்று எழுத்தில் உறுதியாகாமல் எதையும் விட வேண்டாம். அதன் பிறகும் முதல் வேலை மண் தோண்டும் பெக்கோவுக்கு: பத்தை, மரவேர், இடிந்த மதில், பழைய கிணற்றுக்கட்டு. புது ட்ரக்டரால் வேர் இழுக்கப் போவது அதன் கிளச்சுக்கும் உங்கள் உயிருக்கும் கேடு. கட்டையில் சங்கிலியை உயரமான இடத்தில் கொழுவி இழுத்தால் முன் சில்லு கிளம்பி வண்டி பின்னுக்குக் கவிழும். குதித்துத் தப்ப நேரம் இராது. எதை இழுத்தாலும் பின்னால் உள்ள தாழ்ந்த கொழுக்கியில்தான் கொழுவ வேண்டும்.

"ஆபத்தெண்டு வேற என்ன இருக்கு? நான் சின்னனிலையிருந்து ஓட்டுறவன்."

சாரம். பீ.ரீ.ஓ. தண்டு நொடிக்கு 9 சுற்றுச் சுற்றும். சாரத்தின் ஒரு நுனி பட்டால் காலை எடுக்க நினைக்க முன்னர் கால் அதோடு போய்விடும். மூடி இல்லாத தண்டுக்கு மூடி போடுங்கள், களிசான் போட்டு ஓட்டுங்கள். லாண்ட்மாஸ்டரில் ரொட்டறி சுற்றும்போது பின் கியர் போடக்கூடாது, கத்தி ஓட்டுபவரை நோக்கி வரும். பெட்டியோடு மதகுச் சரிவில் இறங்கும்போது, பாரம் பின்னாலிருந்து தள்ளினால், வலது பிடியை அழுத்த வண்டி இடதுபக்கம் போகும். கனபேர் வாய்க்காலில் விழுவது இந்த இடத்தில்தான். சரிவுக்கு முன்னரே கியரைக் குறைத்து, பிடியைத் தொடாமல் கைப்பிடியால் தள்ளித் திருப்புங்கள்.

"சின்ன ட்ரக்டர் எடுத்தால் பிறகு விக்கப் போனால் விலை போகாதாம். கடைக்காரரே சொல்லுறார்."

பெரியதற்குக் கேள்வி கூட என்பது உண்மைதான், ஏனென்றால் பெரியதை வாங்குபவர் கூலிக்கு ஓட வாங்குகிறார். நீங்கள் கூலிக்கு ஓடப்போவதில்லையென்றால் பத்து வருசம் கழித்து வரும் விலையை நினைத்து, பத்து வருசமும் மேலே சொன்ன 40 வீதத்தைத் திரும்பும் இடமாகக் கொடுப்பது சரியான கணக்கல்ல. கடைக்காரரிடம் ஒரு வேலை கேளுங்கள்: இரண்டு வண்டியையும் உங்கள் காணிக்குக் கொண்டுவந்து, ஒரே துண்டில் ஆளுக்குப் பாதி அடித்துக் காட்டட்டும். டீசலை அளந்து ஊற்றுங்கள், நேரத்தைக் குறியுங்கள், பிறகு இரண்டு பாதியின் கரையிலும் அலவாங்கை இறக்குங்கள். கொண்டுவர மாட்டேன் என்கிறவரிடம் சேர்விஸுக்கும் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.